வெள்ளிப் பூச்சுக்குள் கறள்

அந்த ஆண்டு மாரி வெள்ளத்துக்காகக் கல்லாற்றுப் பக்கம், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டி, வெள்ளம் வடிந்து, வாவி தன் பழைய மட்டத்துக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. தை கழிந்து மாசி பிறந்திருந்தது. பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் சாதாரண தரப் பரீட்சை மார்கழியில் நடந்த காலம் போய்விட்டது. பெருந்தொற்றுக்குப் பிறகு அது மாதம் மாதமாக அலைந்துகொண்டிருக்கிறது. எது எப்போது நடந்தது என்பதைச் சரியாக வைத்திருக்க விரும்பும் என்னைப் போன்றவர்களுக்கு இது ஒரு தொல்லை. அந்த முறை அது மாசியில் வந்தது. பரீட்சை தொடங்குவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை காலை, முற்றம் கூட்டும்போது ஓர் ஈயக் கட்டி விளக்குமாற்றில் தட்டுப்பட்டது.

வேன் சில்லுகள் ஓடும்போது ஆடாமல் இருப்பதற்காக டயர் கடையில் ரிம்மின் விளிம்பில் கவ்வவைத்து அடிக்கும் ஈயம் அது. அதற்கு முன்பும் அப்படிக் கழன்று விழுந்ததைப் பொறுக்கி என் கணவரிடம் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை அதன் கவ்வியில் ரிம்மின் செதில் ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஒரு பக்கம் பளபளக்கும் வெள்ளி நிறம். மறுபக்கம் துரு, எங்கள் பேச்சில் கறள். நகத்தால் அழுத்தினேன். காய்ந்த மரப்பட்டை போல ஏடு ஏடாகப் பிரிந்தது. வெள்ளிப் பூச்சு உடைந்த இடத்தில் மெல்லிய வரிகள் தெரிந்தன. ஒவ்வொரு வரியும் ஒரு சரஸ்வதி பூசைக்கு அடித்த பூச்சு.

என் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். வீடு களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட. விடிந்ததும் குருமண்வெளித் துறைக்குப் போய், அங்கிருந்து வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் இறங்கி, மேற்குக் கரையான படுவான்கரைக் கிராமங்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பவும் வாவியைக் கடந்து களுவாஞ்சிக்குடிப் பள்ளிக்கூடத்துக்கு வருவார். மத்தியானம் அதே வழி திரும்ப. வாகனங்களை அக்கரை சேர்க்கும் தட்டையான இரும்பு மிதவையை எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றுதான் சொல்வோம். பாதையில் ஏறவும் இறங்கவும் சாய்வுத் தளத்தில் ஓரடித் தண்ணீருக்குள் சில்லுகள் இறங்கத்தான் வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று கணக்கு வைக்க அவருக்கு நேரமும் இருந்ததில்லை, தேவையும் இருந்ததில்லை.

வேனுக்கு எங்கள் இளைய மகளின் வயது. வெளிநாட்டு வாகனங்கள் வருவது நின்றுபோன ஆண்டுகளில் எல்லோரும் தங்கள் பழைய வாகனங்களை வயதானவர்களைப் பார்ப்பதுபோலப் பார்க்கத் தொடங்கினார்கள். இவர் அதற்கு முன்பிருந்தே அப்படித்தான். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் முந்திய நாள் வேனைக் கழுவித் துடைத்து, ரிம்களுக்கு வெள்ளிப் பெயின்ற் பூசுவார். மறுநாள் சந்தனமும் குங்குமமும் வைத்து, சில்லுகளின் கீழே தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு புறப்படுவார். பாதை ஓட்டுபவர்கள் தூரத்திலேயே வேனை அடையாளம் கண்டுகொள்வார்கள். சில்லுகள் மட்டும் புதிதாக மின்னும்.

காலைப் பயணத்தை முடித்துவிட்டு அவர் தேநீர் குடிக்க வந்தபோது ஈயத்தை மேசையில் வைத்தேன்.

“இஞ்சருங்க, இதப் பாருங்க.”

“ஓம், திரும்பக் கழண்டிட்டா? பின்னேரம் போய் அடிச்சுக்கொண்டு வாறன்.”

“ஈயம் கழரல்ல. ரிம்தான் கழண்டிருக்கு.”

மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்தார். “பெயின்ற் உரிஞ்சிருக்கு. அவ்வளவுதான்.”

“பெயின்ற் இவ்வளவு தடிப்பாவா இருக்கும்?”

“நான் அடிச்ச பெயின்ற் தடிப்பாத்தான் இருக்கும். மத்தவனுகள் மாதிரித் தண்ணியக் கலந்து அடிக்கிறதில்ல.”

“கழட்டிப் பாருங்களன்.”

“திங்கக்கிழம சோதின தொடங்குது புள்ள. இப்ப கழட்டிப் போட்டா ஆர் புள்ளைகளக் கொண்டுபோற? சோதின முடியட்டும், மறுகா பாப்பம்.”

“சோதின முடியமுன்னம் சில்லு முடிஞ்சா?”

“வாயக் கழுவு.”

அவர் கோபப்பட்டதில் வியப்பில்லை. படுவான்கரையிலிருந்து பரீட்சை எழுத வரும் பிள்ளைகளில் ஒரு பகுதி அந்த வேனை நம்பித்தான் இருந்தது. நேரத்துக்கு மண்டபத்தில் இருக்காவிட்டால் ஒரு பாடம் போய்விடும், ஒரு பாடம் போனால் ஓராண்டு. இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் பிந்தியதில்லை என்பதுதான் அவரிடம் இருந்த ஒரே பெருமை. அதை ஒரு செதிலைக் காட்டி நான் நிறுத்தச் சொல்கிறேன்.

ஆனாலும் அந்தச் செதில் முதல் அடையாளம் இல்லை. முன் இடப்பக்கச் சில்லில் ஆவணி மாதத்திலிருந்தே காற்று மெல்லமாகப் போய்க்கொண்டிருந்தது. டயர் கடைக்காரத் தம்பி முதலில் ஆணி தேடினார். ஆணி இல்லை. வால்வை மாற்றினார். அப்போதும் காற்றுப் போனது. கடைசியில் டியூப் தேவைப்படாத அந்த டயருக்குள் ஒரு டியூப்பைப் போட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். அதன் பிறகு காற்று நின்றது. என் கணவருக்கும் திருப்தி, கடைக்காரருக்கும் திருப்தி. டயரிலும் வால்விலும் குறை இல்லையென்றால் காற்று எந்த வழியால் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. டயர் வந்து அமரும் ரிம்மின் உதடு அரிபட்டிருந்தால்தான் அப்படிப் போகும். டியூப் அந்த அடையாளத்தை மறைத்துவிட்டது. கறள் தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது.

நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எதை எடுத்தாலும் வாசித்துப் பார்க்கும் பழக்கம் விடவில்லை. பனி விழும் நாடுகளில் குளிர்காலத்தில் வீதியில் உப்புத் தூவுவார்கள் என்றும், அந்த உப்புச் சேறு சில்லுகளின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இரும்பைத் தின்னும் என்றும், பழைய வாகனம் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கொரு முறை சில்லைக் கழற்றி உட்புறத்தைப் பார்க்க வேண்டும் என்றும் எப்போதோ வாசித்திருந்தேன். வாசித்தபோது எங்களுக்கும் இதற்கும் என்ன என்று பக்கத்தைப் புரட்டியிருப்பேன். அன்று மத்தியானம் அதை நினைத்துக்கொண்டு சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் அவர் வந்தபோது முகம் சரியில்லை. கை கால் கழுவினார், சாப்பிட உட்காரவில்லை.

“ஸ்டேரிங் நடுங்குது,” என்றார். “ஒந்தாச்சிமடம் நேர் ரோட்டில. முந்தியும் நடுங்கினதுதான். இண்டைக்கு வேற மாதிரி.”

மேசையில் கிடந்த ஈயத்தை அவர் பக்கம் நகர்த்திவைத்தேன்.

சனிக்கிழமை காலை அவரே கேட்டார், “கடைக்குப் போறன். வாறியா?” கூட ஆள் இருந்தால் அங்கே போன பிறகு மனம் மாறித் திரும்ப முடியாது என்று நினைத்தாரோ தெரியாது. முப்பது சொச்சம் ஆண்டுகளில் டயர் கடைக்கு என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

கடைக்காரத் தம்பி என்னைக் கண்டதும் ஒரு பழைய டயரின் மேல் சாக்கை விரித்தார். “அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கீங்க. என்ன, டயருக்குப் பொண்ணு பாக்கவா?”

“முன் இடப்பக்கத்தக் கழட்டு. டியூப்பையும் எடு,” என்றார் இவர்.

“அதில ஒரு பிழையும் இல்ல அண்ணன். நான் போட்ட டியூப்.”

“டியூப்பில பிழ எண்டு ஆர் சொன்ன? கழட்டு மனே.”

டயரை ரிம்மிலிருந்து பிரித்து டியூப்பை உருவியபோது அது கறுப்பாக வரவில்லை. செங்கல் தூளில் புரட்டியது போல வந்தது. கடைக்காரர் அதை உதறினார். நிலத்தில் ஒரு சிறு குவியல் விழுந்தது. பகிடி நின்றுபோனது.

வயர் பிரஷால் ரிம்மின் உதட்டைத் தேய்த்தார். வெளிப்பக்கம் வெள்ளிப் பூச்சு உறுதியாக நின்றது. உட்பக்கம் தேய்க்கத் தேய்க்க உதிர்ந்துகொண்டே இருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது அம்மைத் தழும்பு போன்ற குழிகள் வரிசையாகத் தெரிந்தன. என் கணவர் சின்னச் சுத்தியலை வாங்கி ரிம்மைச் சுற்றித் தட்டிக்கொண்டு வந்தார். சில இடங்களில் மணி போலக் கேட்டது. நட் துளைகளுக்குக் கிட்ட வந்தபோது, ஈரப் பலகையில் தட்டுவதுபோல ஒலி அப்படியே அமுங்கிப்போனது. அந்த இடத்தில் கடைக்காரர் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினார். ஓங்கிக் குத்தவில்லை. அது உள்ளே போய் மறுபக்கம் வந்துவிட்டது.

மூன்று பேரும் அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“கடலுக்குள்ள ஓட்டின நீங்களா அண்ணன்?” என்று கேட்டார் கடைக்காரர். இந்தத் தடவை அது பகிடியில்லை.

“பாதைக்கு இறங்கக்குள்ள நனையும். அது எல்லாரிட வாகனமும் நனையும். கோடையில வீட்டுக் கிணத்துத் தண்ணியிலதான் கழுவுற. மாரியில மட்டும் பின்னேரம் துறையில நிப்பாட்டி வாவித் தண்ணியில கழுவுவன். அப்ப நல்ல தண்ணிதானே? சும்மா இல்ல, நாக்கில வச்சுப் பாத்துத்தான் கழுவுவன்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. மாரியில் ஆறுகளும் குளங்களும் வந்து கலக்கும்போது வாவி நல்ல தண்ணீராகிவிடும். எங்கள் கரையில் கார்த்திகை தொடங்கி மாசி வரை வாவியில் உப்பு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விடயம். மாடு குளிப்பாட்டுவார்கள், மோட்டார் சைக்கிள் கழுவுவார்கள், உழவு இயந்திரத்தைப் பாதி முங்க இறக்குவார்கள். ஆனால் வெள்ளம் ஏறினால் வயலையும் வீடுகளையும் காப்பாற்ற முகத்துவாரத்தை வெட்டுவோம். வெட்டிய வாயால் வெள்ளம் வெளியேறும். வெள்ளம் இளைத்த பிறகு அதே வாயால் கடல் உள்ளே வரும். வரும் உப்புத் தண்ணீர் கனம், அது அடியில் படுக்கும். நல்ல தண்ணீர் மேலே நிற்கும். இவர் குனிந்து கையில் அள்ளி நாக்கில் வைத்தது மேல் தண்ணீர். சில்லுகள் நின்றது அடித் தண்ணீரில். வெட்டிய நாட்களை எல்லாம் வரிசையாகச் சொல்லக்கூடியவள் நான். அந்த நாட்களையும் வேன் கழுவுவதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க எனக்கும் ஒரு காரணம் இருந்ததில்லை. அவரோ வேனை நன்றாக வைத்திருப்பதாக நம்பி, மாரி மாரியாக அதை உப்பில் குளிப்பாட்டியிருக்கிறார்.

மற்றச் சில்லுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். பின்பக்கம் ஒன்றுதான் தேறியது. வேனின் அடியில் தொங்கும் மேலதிகச் சில்லு, நாங்கள் அவசரத்துக்கு நம்பியிருந்தது, எல்லாவற்றிலும் மோசமாக இருந்தது. அதை ஒருநாளும் இறக்கிப் பார்க்கவில்லை. பூசைக்கு எட்டிய பக்கத்தில் மட்டும் வெள்ளி அடித்திருந்தார்.

கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அண்ணன், இந்த அளவு ரிம் இஞ்ச எடுக்கேலாது. கொழும்பில சொல்லி வைக்கணும். அதுவும் பழசுதான் வரும், இதே மாதிரி வந்தாலும் வரும். எப்ப வரும் எண்டும் சொல்லேலாது. ஒரு வேல செய்வம். ஓட்டையில வெல்டிங் அடிச்சுத் தாறன். உள்ளுக்கு டியூப் கிடக்கு. சோதின முடியுமட்டும் மெல்லமாப் போனாக் காணும். மேலால ஒரு பெயின்ற்.”

என் கணவர் ரிம்மைக் கீழே வைத்தார். பக்கத்துக் கடையிலிருந்து வந்த, பால் கலக்காத பிளேன்டியை மெல்லமாகக் குடித்து முடித்தார். பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாக நினைக்கிறார் என்று எனக்குப் பட்டது. அது என் ஊகம்தான். திங்கட்கிழமை யார் யாருக்கு என்ன பாடம் என்று நினைத்திருக்கவும் கூடும்.

“இதுக்கு மேல பெயின்ற் அடிக்கிற கதைய விடு,” என்றார். “வேன் இவடத்தயே நிக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் படுவான்கரைக்குப் போனோம். தொலைபேசியில் சொல்லலாமே என்று கேட்டேன். “போன்ல சொல்ற விசயமா?” என்றார். வெயில் தொடங்கிவிட்டிருந்தது. பாதையில் நின்றபடி அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீடு வீடாகப் போய் ஒரே கதையைச் சொன்னார். சில்லுகள் உள்ளுக்குள் கறள் பிடித்துவிட்டன, ஓட்ட முடியாது, பிள்ளைகள் பாதையில் நடந்து ஏறி இக்கரைக்கு வரட்டும், துறையில் இன்னொரு வேன் நிற்கும், அதற்கு நான் பொறுப்பு. சிலர் தலையாட்டினார்கள். ஒரு தகப்பன், “நீங்க சொல்லாம விட்டிருந்தா எங்களுக்கென்ன தெரியப்போகுது அண்ணன்,” என்று சிரித்தார். அது பாராட்டா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

கடைசி வீட்டில் ஒரு தாய் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தா. முழுவதையும் கேட்டா. கால் பெருவிரலால் நெல்லைத் துழாவிக்கொண்டே கேட்டா:

“அப்ப இவ்வளவு நாளும் என்ர புள்ள அதிலயா போய் வந்த?”

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நேத்துத்தான் தெரிஞ்சது கா,” என்று நான் சொன்னேன்.

“நேத்துத் தெரிஞ்சது சரி. நேத்தா கறள் பிடிச்ச?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவ திட்டவில்லை. உள்ளே போய் எங்களுக்கு இளநீர் கொண்டுவந்து தந்தா. இவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். நான் கண்ணைக் காட்டிய பிறகுதான் குடித்தார். திரும்பித் துறைக்கு வந்ததும் சொன்னார், “அவ கேட்டது சரி.”

இக்கரையில் துறைக்குக் கிட்ட ஒரு பையனின் வேன் நிற்கும். பையன் என்றாலும் அவருக்கும் இரண்டு பிள்ளைகள். வாவியைக் கடக்காமல் இக்கரையில் மட்டும் ஓடுபவர். அவருடைய வேனும் எங்களுடையதைப் போலவே பழையது. அவரிடம்தான் பேசி வைத்திருந்தோம்.

திங்கட்கிழமை ஓட்டுவதற்கு வேன் இல்லாவிட்டாலும் இவர் வழக்கமான நேரத்துக்கு எழும்பிவிட்டார். சட்டைப் பைக்குள் எதையோ போட்டுக்கொள்வதைக் கண்டேன். சுத்தியல்.

“அதென்னத்துக்கு?”

“சும்மா.”

சும்மா சுத்தியலோடு போகிறவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினேன்.

பாதை இன்னும் அக்கரையில் இருந்தது. அந்த வேன்காரத் தம்பி வேனுக்குள் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணன், வேன் இல்லாட்டியும் கால் துறைக்குத்தான் வருது!”

“சில்லுக் கப் நாலையும் கழட்டு.”

“என்ன?”

“கழட்டு மனே. பாதை வரமுன்னம்.”

“சோதின புள்ளைகளுக்கு. நீங்க எனக்குமா சோதின வைக்கிறீங்க? அக்கா, சொல்லுங்களன் இவருக்கு.”

நான் வாவியைப் பார்த்தேன். அந்தத் தம்பி முணுமுணுத்துக்கொண்டு, தட்டை ஸ்குரூ டிரைவரால் நெம்பி, சில்லுகளை மூடியிருந்த நான்கு கப்பையும் கழற்றினார். உள்ளே சேறு காய்ந்து கட்டியாக இருந்தது. இவர் நிலத்தில் முழங்காலிட்டு அதைச் சுரண்டினார். அந்த வயதில் முழங்காலிடுவது அவருக்கு லேசான காரியமில்லை. வேனின் உடம்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

“எப்ப கழுவின நீ?”

“நேரமெங்க அண்ணன்? மழை பெய்யக்குள்ள அது தன்ட பாட்டில கழுவுப்படும்.”

இவர் தட்டினார். கணீரென்றது. அடுத்த துளைக்குக் கிட்டத் தட்டினார். அங்கேயும் கணீர். சில்லுக்குப் பின்னால் கையை விட்டு உட்பக்க விளிம்பைத் தடவினார், விரலை எடுத்துப் பார்த்தார். மண் மட்டும். நான்கு சில்லுகளும் அப்படியே. வாவியில் ஒருநாளும் இறங்காத, யாரும் ஒருநாளும் தேய்த்துக் கழுவாத சில்லுகள். அவர் முகத்தில் ஆறுதலும் வேறொன்றும் சேர்ந்து தெரிந்தன. அந்த வேறொன்றுக்கு நான் பெயர் வைக்கவில்லை.

பாதை கரையில் முட்டியது. பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பேனையும் அடையாள அட்டையும் இருக்கும் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். நெல் காயப்போட்ட அந்தத் தாயும் மகளோடு வந்திருந்தா. அவ வேனில் மகளை ஏற்றவில்லை. இவரைப் பார்த்துக்கொண்டு நின்றா.

“பாத்திட்டன் தங்கச்சி,” என்றார் இவர். “நாலும் நல்லம். முன் வலப்பக்கம் ஒரு நட் மட்டும் இளகியிருந்த, இறுக்கிப்போட்டன்.”

அவ அவருடைய முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தா. பிறகு மகளின் முதுகைத் தட்டி, “ஏறு,” என்றா.

வேன் போய் மறைந்த பிறகு வீட்டுக்கு வந்தோம். அவர் சட்டையைக் கழற்றாமலே சாய்மனைக் கதிரையில் படுத்து, மத்தியானம் வரை நித்திரை கொண்டார். பகலில் அவர் அப்படித் தூங்கி நான் கண்டதில்லை.

பரீட்சை முடியும் வரை காலையில் துறைக்குப் போவதை அவர் விடவில்லை. முதல் நாட்களில் அந்தத் தம்பி வாய்க்குள் எதையாவது சொல்லிக்கொண்டு கழற்றியிருக்கிறார். கடைசிப் பாடத்தன்று நாங்கள் போனபோது அவர் வேனில் சாய்ந்து தொலைபேசி பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு நிமிரவில்லை. சில்லுக் கப் நான்கையும் ஏற்கெனவே கழற்றி, வேன் படியில் அடுக்கியிருந்தார்.

எங்கள் வேன் டயர் கடையின் பின்பக்கம், கற்களின் மேல் நிற்கிறது. கொழும்பில் சொல்லி வைத்த ரிம் இன்னும் வரவில்லை.